பனிச்சாலையில் டிஃப் லாக்: 24 பயனுள்ள குறிப்புகள்

ரோத்தாங் கணவாய் மூடிவிட்டால் லாஹௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் தனித்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ஜனவரியிலும் மணாலியிலிருந்து லாஹௌலில் இருக்கும் சிஸ்ஸுவுக்கு வண்டி போகிறது. தமிழ்நாட்டிலிருந்து சொந்த வண்டியிலேயே குளிர்காலத்தில் இமயமலை ஏறுகிறவர்களும் உண்டு. பனியையே பார்த்திராத ஊரில் வாங்கிய 4×4 வண்டியில் ‘டிஃப் லாக்’ என்று ஒரு பொத்தானோ நெம்புகோலோ இருக்கும். அதைப் போட்டுவிட்டால் வழுக்காது என்று பலர் நம்புகிறார்கள். லாக் வண்டிக்கு இழுவையைக் கூட்டும். ஆனால் பக்கவாட்டில் சறுக்காமல் நிற்கும் பிடியைக் குறைத்துவிடும். பள்ளத்தாக்கு ஓரமாகப் போகும் பனிச்சாலையில் இந்த இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அதற்கான குறிப்புகள் இவை.

முதலில் புரிந்துகொள்ள

1. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் ஐஸ் மீது இருந்தால் அதைச் சுழற்றக் கொஞ்சம் விசையே போதும். மறுபக்கம் நல்ல தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால்தான் 4×4 வண்டியிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் வெறுமனே சுற்ற, மற்ற இரண்டும் அசையாமல் நிற்பதைப் பார்க்கிறோம்.

2. லாக் போட்டதும் ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றும். பிடி இருக்கும் சக்கரம் தன்னால் முடிந்த அளவு வண்டியை இழுக்கும். இதற்கு இரண்டு விலை உண்டு. வளைவில் இரண்டில் ஒரு சக்கரம் தேய்ந்து இழுபட்டே ஆக வேண்டும். இரு சக்கரங்களுக்கும் பிடி போதாமல் போனால் இரண்டும் ஒரே நேரத்தில் சுழலும். சுழலும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய இருக்காது.

3. உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஸ் கூர்காவில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஓட்டுநரே போடும் தனித்தனி லாக் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸில் பின் ஆக்சிலுக்கு மட்டும் மின்சார லாக். தார் ராக்ஸ் 4×4-இலும் அப்படியே. மூன்று கதவு தாரின் சில ரகங்களில் பின்னால் இருப்பது தானாகவே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக். அதற்குப் பொத்தான் கிடையாது. மாருதி ஜிம்னியில் லாக்கே இல்லை; சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தும் ஏற்பாடுதான் இருக்கிறது. ஒரு வகைக்குச் சொல்லும் யோசனை இன்னொன்றுக்குப் பொருந்தாது.

4. தார், கூர்கா, ஜிம்னி, ஹைலக்ஸ் போன்ற பார்ட்-டைம் 4×4 வண்டிகளில் 4ஹெச் (சாதாரண கியர் வரம்பில் நான்கு சக்கர இயக்கம்) போடுவதே ஒரு வகை லாக்தான். முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாக இணைந்துவிடும். பனியில் இது நல்லது. காய்ந்த தார்ச்சாலையில் இப்படியே வளைந்து திரும்பினால் முறுக்கு உள்ளேயே தேங்கி, ஸ்டீயரிங் இறுகும், கியர்களுக்கும் சேதம். பழைய டிஃபெண்டர், லாடா நீவா போன்ற ஃபுல்-டைம் வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலுக்கு லாக் இருக்கும். பனிச்சாலையில் தொடர்ந்து போட்டு ஓட்டத் தகுந்தது இந்த நடு லாக் ஒன்றுதான். ஆக்சில் லாக்கை அப்படிப் பயன்படுத்தக் கூடாது.

5. பல வண்டிகளில் ஆக்சில் லாக் போட்டதும் ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆகியவை நின்றுவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்துத்தான் அவை வேலை செய்கின்றன. இரு சக்கரங்களும் பூட்டியிருக்கும்போது அது முடியாது. அந்த விளக்குகள் டேஷ்போர்டில் எரிந்தால் வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து காப்பாற்ற எலக்ட்ரானிக்ஸ் இல்லை, உங்கள் கால் மட்டும்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

6. 4×4-ஓ லாக்கோ வண்டியைச் சீக்கிரம் நிறுத்தாது. நிறுத்துவது டயரும் தரையும்தான். உராய்வுக் கெழு காய்ந்த தார்ச்சாலையில் 0.7 முதல் 0.8 வரை, அழுந்திய பனியில் 0.2 முதல் 0.3 வரை, ஐஸ் மீது சுமார் 0.1. கணக்குப் பார்த்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் வண்டி ஏறக்குறைய 8 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 25 மீட்டர் ஓடும். ஐஸில் 60 மீட்டரையும் தாண்டும். நன்றாக இழுக்கிறது என்று வேகம் எடுத்தவர்கள்தான் நிறுத்த முடியாமல் திணறுகிறார்கள்.

கிளம்பும் முன்

7. லாக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் டயரைப் பாருங்கள். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்தச் சோதனைக்கு உத்தரவாதம் இல்லை. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தேய்மானம் உள்ளவையாக இருக்கட்டும். இரு சக்கரங்களைப் பூட்டியபின் ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்றால் முறுக்கு தேங்கிக்கொண்டே போகும்.

8. பனிச் சங்கிலியை வாங்கிய கையோடு வீட்டு வாசலிலேயே இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகிவிடுங்கள். விரல் மரத்துப்போகும் குளிரில் முதல் பாடம் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் மாட்டுவது உத்தமம். இரண்டுதான் இருக்கிறது என்றால் எந்த ஆக்சில் என்று கையேடு சொல்வதைக் கேளுங்கள். பின்னால் மட்டும் மாட்டி லாக்கும் போட்டால் இழுவை அபாரமாக இருக்கும். ஆனால் முன்சக்கரம் சொன்ன பக்கம் திரும்பாது. ஒரே சக்கரத்தில் மட்டும் சங்கிலி மாட்டி லாக் போடக் கூடாது. முழு விசையும் ஒரே ஆக்சில் ஷாஃப்ட் வழியாகப் போய், ஷாஃப்ட் முறியக்கூடும்.

9. டிஃபரன்ஷியல் ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்திலேயே ஊற்றுங்கள். 85டபிள்யூ-140 போன்ற கெட்டி ஆயில் கடுங்குளிரில் கூழாக இறுகி, லாக் விழுவதையும் தாமதமாக்கும். அனுமதி இருந்தால் 75டபிள்யூ-90 சிந்தடிக் குளிருக்குத் தோதானது. பழைய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஆக்சிலின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா, ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

10. லாக்கை வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் ஆபத்தில் மட்டும் தொட்டால் அது விழாது. உள்ளே நகரும் பாகங்களும் மோட்டாரும் இறுகிப்போயிருக்கும். மாதம் ஒரு முறை மணலிலோ சரளைக்கல் மைதானத்திலோ நேராக ஊர்ந்தபடி லாக்கைப் போட்டு எடுங்கள். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் லாக்கரைத் தனியாகப் பொருத்தியிருந்தால், அதன் காற்றுக்குழாயில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஈரம் மலையில் உறைந்தால் காற்று போகாது, லாக்கும் விழாது.

11. டீசல் வண்டி என்றால் எரிபொருளும் உறையும். சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடக்கூடியது. மேலே ஏறும்போது டேங்க்கில் இருப்பது கீழே நிரப்பிய டீசலாக இருந்தால், அங்கே கிடைக்கும் டீசலைச் சீக்கிரமே நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டிக்கு, புகையைச் சுத்திகரிக்கும் டிஇஎஃப் திரவம் தேவை என்றால், அது மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சாலையில்

12. நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பகல் வெயிலில் உருகிய தண்ணீர் மாலையில் மீண்டும் உறைந்து, தார் நிறமே தெரியும் கண்ணாடிப் படலமாகிவிடும். மலைக்காரர்கள் இதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். வெயில் படாத வளைவு, பாலம், ஓடை சாலையைக் கடக்கும் இடம், சுரங்கப்பாதையின் வாய் இவையெல்லாம் அதன் இருப்பிடங்கள். பூஜ்யம் டிகிரியை ஒட்டி மேலே ஈரம் படர்ந்த ஐஸ்தான் எல்லாவற்றையும்விட வழுக்கும். காலை வெயில் ஏறிய பிறகு புறப்பட்டு, மாலை நிழல் விழும் முன் ஊர் சேர்ந்துவிடுங்கள்.

13. வரிசை மாறக் கூடாது. பனி தென்பட்டதும் 4ஹெச். சரிவும் ஆழமான பனியும் வந்தால் வண்டியை நிறுத்தி 4எல் (மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் கியர் வரம்பு). அதிலும் சக்கரம் சுழல்கிறது என்றால் பின் லாக். அதற்கும் நகரவில்லை, எதிரே நேரான பாதை என்றால் மட்டும் முன் லாக். எடுக்கும் வரிசை இதற்கு நேர்மாறு. முதலில் முன் லாக்கை எடுங்கள், பிறகு பின் லாக்கை. பெரும்பாலான பனிச்சாலைக்கு 4ஹெச்சும் நல்ல டயரும் பொறுமையும் போதும்.

14. லாக் தேவைப்படும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, அதில் இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பல லாக்குகளில் பல் மீது பல் பொருந்தித்தான் பூட்டு விழுகிறது. ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்தினால் அந்தப் பற்கள் மோதிச் சிதையும். ஆக்சில் ஷாஃப்டும் முறியலாம். ஏற்கெனவே சுழலத் தொடங்கிவிட்டதா? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சக்கரம் முழுவதும் நின்ற பிறகு போடுங்கள்.

15. பொத்தானை அழுத்தியதும் விளக்கு மின்னினால் லாக் இன்னும் விழவில்லை. வண்டியை மெல்ல ஓரிரு அடி நகர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்றே இடமும் வலமும் அசைத்தால் பல் பொருந்தி விளக்கு நிலையாக எரியும். எடுக்கும்போதும் இதே கதைதான். பொத்தானை அணைத்த பின்னும் முறுக்கு இறுகியிருந்தால் லாக் விடாது. கொஞ்சம் பின்னால் வந்து பாருங்கள். விளக்கு அணைந்தால்தான் லாக் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

16. லாக் போட்டபின் நடக்கும் வேகம்தான். டொயோட்டாவின் பல 4×4 கையேடுகள் மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்கின்றன. தாரில் இருப்பது போன்ற தானியங்கி லாக், இரு சக்கரங்களின் சுழற்சி வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டும்போது பூட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. தயாரித்தவர்களே வகுத்துக்கொடுத்த எல்லை இவை. அதை மீறிப் பார்க்கப் பனிச்சாலை உகந்த இடம் இல்லை.

17. இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: பக்கவாட்டில் சாய்ந்த ஐஸ் சாலையில் லாக் வேண்டாம். மலைச்சாலை எங்குமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மலைப்பக்கம் அல்லது பள்ளத்தாக்குப் பக்கம். லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் அதன் ஜோடி பெரும்பாலும் சுழலாமல் இருந்து, வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். வண்டி முன்னேறாது, ஆனால் இருந்த இடத்தில் இருக்கும். லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து சுழலும். பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் பின்புறம் தாழ்ந்த பக்கத்தை நோக்கி நழுவும். முன்னும் பின்னும் லாக் போட்டிருந்தால் முழு வண்டியுமே பக்கவாட்டில் இறங்கும். சக்கரம் சுழல்கிறதே என்று ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் சறுக்கல் கூடத்தான் செய்யும். நழுவும் உணர்வு வந்த மறுகணம் காலை மெல்ல எடுங்கள். சுழற்சி நின்று உருளத் தொடங்கினால் டயருக்குப் பக்கப் பிடி திரும்பும். பிரேக்கைத் திடீரென்று மிதிக்காதீர்கள். இப்படிப்பட்ட சாலையை லாக் கடத்திவிடாது. கடப்பதற்குச் சங்கிலி வேண்டும். அல்லது சரளை தூவிய பாதை வேண்டும். இரண்டும் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும்.

18. வளைவுக்கு முன்பே லாக்கை எடுத்துவிடுங்கள். பின் லாக் வண்டியை நேராகத் தள்ளப் பார்க்கும். முன் லாக் அதற்கும் மேல். ஸ்டீயரிங் கனத்து, நீங்கள் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பாறையோ பள்ளமோ இருக்கும்போது இது விளையாட்டல்ல. வளைவின் நடுவில் சிக்கிக்கொண்டால், சக்கரங்களை நேராக்கி, பின்னால் வந்து, வேறு கோணத்தில் முயலுங்கள்.

19. இறக்கத்தில் 4எல், குறைந்த கியர், என்ஜின் பிடிப்பு. இவைதான் முக்கியம். லாக் போட்டால் இரு பின்சக்கரமும் சேர்ந்து என்ஜின் பிடிப்பைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிடிப்பே ஐஸின் தாங்குதிறனை மிஞ்சினால் இரண்டும் ஒன்றாகச் சறுக்கி, பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். நேரான, பக்கச் சாய்வற்ற, தடம் பதிந்த இறக்கத்தில் மட்டும் லாக்கை நினைக்கலாம். முதல் கியரில் சக்கரம் இழுபட்டுச் சறுக்கினால் இரண்டாவது கியர் மென்மையாக இருக்கும். ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்தே வேலை செய்வதால், லாக் போட்ட வண்டியில் அதை நம்பி இறங்காதீர்கள்.

20. தானாகப் பூட்டும் லாக் உள்ளவர்களுக்கு: உங்கள் பொத்தான் வலது காலில்தான் இருக்கிறது. வளைவில் ஆக்சிலேட்டரை வெடுக்கென்று மிதித்தால் உள்சக்கரம் சுழன்று, ‘டக்’ என்ற சத்தத்தோடு லாக் விழுந்து, பின்புறம் ஒரு எத்து எத்தும். சேற்றில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த எத்தல், ஐஸில் வண்டியைச் சுற்றிவிடும். மிதிப்பதும் விடுவதும் மெதுவாக இருக்கட்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய தானியங்கி லாக்கர்களுக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு பொருந்தும்.

21. ஜிம்னி போல லாக் இல்லாத வண்டி என்றால் பயம் வேண்டாம். சக்கரம் சுழன்றதும் பதறிக் காலை எடுத்துவிடாமல், ஆக்சிலேட்டரை ஒரே சீராக லேசாக மிதித்தபடி காத்திருங்கள். சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, மறுபக்கத்துக்கு விசை அனுப்ப அந்த ஏற்பாட்டுக்கு ஒன்றிரண்டு நொடி வேண்டும். நீண்ட நேரம் தொடர்ந்தால் பிரேக் சூடேறும். இடையிடையே ஆற விடுங்கள். பனிச்சாலை ஓட்டத்துக்கு இந்த ஏற்பாடு பல சமயம் முழு லாக்கைவிடப் பாதுகாப்பானது. தேவையான நொடிக்கு மட்டும் வேலை செய்துவிட்டு விலகிவிடுகிறது.

சிக்கிக்கொண்டால்

22. லாக்கின் உண்மையான வேலை இங்கேதான். ஆழமான பனியில் வண்டி நின்றுவிட்டால் உடனே சக்கரத்தைச் சுழற்றுவதை நிறுத்துங்கள். சுழலும் டயர் அடியில் இருக்கும் பனியை உருக்கி, பளபளப்பான ஐஸாக மாற்றிவிடும். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்:
– சைலன்சர் குழாயின் வாயில் அடைத்த பனியை முதலில் அகற்றுங்கள். அது அடைத்திருக்க என்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.
– வண்டியின் அடிவயிறு பனி மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உட்கார்ந்திருந்தால் எந்த லாக்கும் உதவாது, மண்வெட்டிதான் உதவும்.
– நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பனியைத் தோண்டி, மணலோ சரளையோ தூவுங்கள்.
– ஸ்டீயரிங்கை நேராக வைத்து, 4எல், பின் லாக், இரண்டாவது கியர் அல்லது ரிவர்ஸ். வந்த தடத்திலேயே பின்னால் போவதுதான் பெரும்பாலும் சுலபம்.
– கிளட்சை மெல்ல விடுங்கள். ஓரடி நகர்ந்தால் நிறுத்தி, திரும்பவும் தோண்டுங்கள். வெளியே வந்ததும் லாக்கை எடுத்துவிடுங்கள்.
கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தால், வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டினால் அது முறிந்து குண்டுபோலப் பறக்கும். இழுபடும் வண்டியின் லாக்கும் போட்டிருக்கட்டும். மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும்.

23. ஆழமான, மென்மையான பனியில் டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் பரந்து, பனிக்குள் புதையாமல் மேலேயே போகும். பல சமயம் லாக்குக்கே வேலை இருக்காது. கெட்டி ஐஸில் இதனால் பெரிய பயன் இல்லை. காற்றடிக்கும் பம்ப் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். சமவெளியில் அடித்த காற்று குளிரில் சுருங்கும்; ஏறக்குறைய 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி கூடுதலாகக் காட்டும். ஆகவே ஊரில் பார்த்த அளவை நம்பாமல், தங்கும் இடத்தில் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள்.

நிறுத்தும்போதும் திரும்பிய பிறகும்

24. இரவு நிறுத்தும் முன் லாக் எடுத்திருக்கிறதா என்று விளக்கைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஈரமான ஹேண்ட்பிரேக் இரவில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. மறுநாள் காய்ந்த சாலை தொடங்கியதும் முதலில் லாக், பிறகு 4×4, இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, டிஃபரன்ஷியல் ஆயிலையும் லாக் மோட்டாரின் வயர் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கனடா, நார்வே போன்ற, சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓட்டுபவர்கள் குளிர்காலம் முழுவதும் இந்தக் கழுவலை விடாமல் செய்ய வேண்டும். உப்புநீர் இணைப்புகளை அரித்துவிட்டால், அடுத்த பனிக்காலத்தில் பொத்தானை அழுத்தும்போது விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

மலைக்குப் போன முதல் நாளே வளைவில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஆளில்லாத, சமமான பனித்திடல் ஒன்றில் லாக்கோடும் லாக் இல்லாமலும் வண்டி எப்படித் திரும்புகிறது, எப்படி நழுவுகிறது என்று மெல்ல ஓட்டிப் பழகுங்கள். சோலங், தங்மர்க் போன்ற மலைச்சாலைச் சாவடிகளில் காவலர் சங்கிலி மாட்டச் சொன்னால் மாட்டுங்கள்; திரும்பிப் போகச் சொன்னால் திரும்புங்கள். லாக் இருக்கிறது என்ற தைரியத்தில் முன்னேறாதீர்கள். லாக் இல்லாமல் போக முடிகிற தூரம் வரை போங்கள்; லாக்கைத் திரும்பி வருவதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.